வடசென்னையில் கேரம்

கேரம் (தமிழில் சுண்டாட்டம் என்றும் எழுதப்படுவது): சதுரப் பலகையின் நடுவில் அடுக்கிய வட்டக் காய்களை, ஸ்ட்ரைக்கர் எனப்படும் கனமான வில்லையை விரலால் சுண்டி, நான்கு மூலைக் குழிகளில் விழச்செய்யும் பலகை ஆட்டம். இருவர் ஆடலாம்; எதிரெதிரே அமரும் கூட்டாளிகளாக நால்வரும் ஆடலாம். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், மாலத்தீவு ஆகிய நாடுகளில் வீட்டுக்கு வீடு தெரிந்த ஆட்டம் இது. அங்கெல்லாம் பரவியிருந்தாலும் சென்னையின் வடபகுதிக்கு இதில் தனி இடம் உண்டு. சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அடங்கிவிடும் வியாசர்பாடி, புது வண்ணாரப்பேட்டை, காசிமேடு ஆகிய மூன்று பகுதிகளும் 2008, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்ற மூன்று பெண்களைத் தந்திருக்கின்றன. துறைமுகமும் பஞ்சாலையும் ரயில் பணிமனையும் வளர்த்த ஒரு தொழிலாளர் வட்டாரத்தில் இந்த ஆட்டம் எப்படி இவ்வளவு ஆழமாக வேர்விட்டது, ஆடுபவர்களுக்கு அதில் என்ன இன்பம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பலகையும் விதிகளும்

சர்வதேச கேரம் கூட்டமைப்பின் விதிப்படி ஆடுபரப்பின் ஒவ்வொரு பக்கமும் 73.5 முதல் 74 செ.மீ. வரை இருக்க வேண்டும். சுற்றிலும் மரக்கட்டை. மூலைக்கு ஒன்றாக 4.45 செ.மீ. விட்டமுள்ள நான்கு குழிகள். காய்கள் மொத்தம் 19: வெள்ளை 9, கறுப்பு 9, நடுவில் சிவப்பு ஒன்று. ஒரு காயின் எடை 5 முதல் 5.5 கிராம். ஸ்ட்ரைக்கர் 15 கிராமையோ 4.13 செ.மீ. விட்டத்தையோ தாண்டக் கூடாது. குழியைவிட ஸ்ட்ரைக்கர் சற்றே சிறியது என்பதைக் கவனிக்க வேண்டும். காயைத் தள்ளப்போன ஸ்ட்ரைக்கரே குழிக்குள் விழுந்துவிட முடியும். விழுந்தால் அது ‘மைனஸ்’; ஏற்கெனவே போட்ட காய் ஒன்றை எடுத்து நடுவில் வைக்க வேண்டும்.

முதலில் அடிப்பவருக்கு வெள்ளை, மற்றவருக்குக் கறுப்பு. சிவப்புக் காயை யாரும் போடலாம். ஆனால் அதே அடியிலோ அடுத்த அடியிலோ தன் நிறக் காய் ஒன்றையும் போட்டால்தான் அது தங்கும். தெருவில் இதை ‘ரெட் அண்ட் ஃபாலோ’ என்பார்கள். ஃபாலோ விழாவிட்டால் ரெட் மறுபடி நடுவுக்குப் போய்விடும். ஒருவர் தன் ஒன்பது காய்களையும் முடித்ததும் அந்தச் சுற்று, அதாவது ‘போர்டு’, முடிகிறது; பலகையில் மிஞ்சிய எதிராளியின் காய் ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ஒரு புள்ளி. ரெட்டையும் போட்டிருந்தால் மேலும் 3. முதலில் 25 புள்ளி எடுப்பவர், அல்லது எட்டு போர்டு முடிந்ததும் முன்னணியில் இருப்பவர் அந்த கேமை வெல்கிறார். மூன்றில் இரண்டு கேம் எடுத்தவருக்கு வெற்றி.

இது போட்டி விதி. தெருவில் ரெட்டுக்கு 5 புள்ளி வைத்து 29-க்கு ஆடும் பழைய கணக்கும் உண்டு. சிறுவர்கள் நிறமே பார்க்காமல், கறுப்புக்கு ஒரு மதிப்பு, வெள்ளைக்கு அதன் இரட்டிப்பு, ரெட்டுக்கு 50 என்று கூட்டிக்கொள்வார்கள். கணக்கு எதுவானாலும் ஒரு விதி எங்கும் மாறாது. ஸ்ட்ரைக்கர் தனக்கு முன்னால் உள்ள இரட்டைக் கோட்டைத் தொட்டபடி இருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழக் கூடாது. மூலைகளில் வரைந்திருக்கும் அம்புக் கோடுகளைத் தாண்டி முழங்கை போகக் கூடாது. உயரமானவருக்கும் நீண்ட கை உள்ளவருக்கும் கிடைக்கக்கூடிய சலுகையை இந்த ஒரு விதி பறித்துவிடுகிறது. பத்து வயதுப் பிள்ளை நாற்பது வயது ஆளை எதிர்த்து உட்கார முடிவதற்கு இதுவே அடிப்படை.

ஆடுவதில் உள்ள இன்பம்

பலகை ஆட்டங்களைப் பொதுவாக இரண்டாகப் பிரிப்பார்கள். தாயம் போன்றவற்றில் விழும் எண் பாதி வேலையைச் செய்கிறது. சதுரங்கம், ஆடுபுலி போன்றவற்றில் எல்லாமே யோசனை. கேரம் இந்த இரண்டிலும் அடங்காது. எந்தக் காயை, எந்தக் கோணத்தில், எவ்வளவு வேகத்தில் அடிக்க வேண்டும் என்று தெரிந்தால் மட்டும் போதாது; விரல் அதைச் செய்து காட்ட வேண்டும். சதுரங்கத்தில் சரியான நகர்த்தலைக் கண்டுபிடித்தவர் அதைச் செய்தும்விட்டார். கேரமில் கண்டுபிடிப்பது பாதி வழிதான். மீதிப் பாதியில் நகமும் நடுக்கமும் மூச்சும் இருக்கின்றன. இந்த இடைவெளிதான் ஆட்டத்தின் உயிர் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. அடி பிசகும்போது ஆட்டக்காரர் எரிச்சலடைவதும், பலகையை விட்டு எழ மனம் வராமல் இன்னொரு போர்டு கேட்பதும் அந்த இடைவெளியால்தான்.

எடைக்கணக்கையும் பார்க்க வேண்டும். பில்லியர்ட்ஸில் பந்துகள் எல்லாம் ஒரே எடை. நேராக மோதினால் அடித்த பந்து நின்றுவிடும், அடிபட்டது ஓடும். கேரமில் ஸ்ட்ரைக்கர் காயைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். இயற்பியல் கணக்கின்படி, மோதலில் ஆற்றல் சிறிதும் வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டால், நேராக அடிபட்ட காய் ஸ்ட்ரைக்கரின் வேகத்தைப் போல ஒன்றரை மடங்கில் பாயும். ஸ்ட்ரைக்கர் தன் வேகத்தில் பாதியோடு அதன் பின்னாலேயே போகும். நடைமுறையில் இந்த எண்கள் குறையும், போக்கு மாறாது. ஆகவே கேரமில் மிக எளிதாகத் தெரியும் அடியே மிக ஆபத்தானது. குழிக்கு நேர் எதிரே காய் இருக்கிறதே என்று பலமாக அடித்தால், காயைத் தொடர்ந்து ஸ்ட்ரைக்கரும் விழுந்து மைனஸ் ஆகிவிடும். தேர்ந்தவர்கள் காயின் ஓரத்தைக் கத்தரித்தாற்போல் தொட்டு, காயை ஒரு பக்கமும் ஸ்ட்ரைக்கரை மறுபக்கமும் அனுப்புவார்கள். அதுவே ‘கட்’. இல்லாவிட்டால் காய் குழியின் வாயை எட்டி விழும் அளவுக்கு மட்டும் மெல்லத் தள்ளுவார்கள். புதிதாகக் கற்பவர் முதலில் பலத்தைக் காட்டுகிறார். பழகப் பழக அந்தப் பலம் குறைந்துகொண்டே வருகிறது.

கட்டையில் பட்டுத் திரும்பும் அடிகள் இன்னொரு வகை இன்பம். காய் மறைந்திருக்கும், நேர்வழி இல்லை. எதிர்ப்பக்கக் கட்டையில் எந்த இடத்தில் பட்டால் திரும்பிவந்து அந்தக் காயைத் தொடும் என்று கண்ணாலேயே கோடு போட வேண்டும். ஸ்கேலும் பாகைமானியும் இல்லை. பட்ட கோணமும் திரும்பும் கோணமும் சமம் என்று பள்ளியில் படிக்காதவரும் அதை விரலில் வைத்திருப்பார். தன் கோட்டுக்குப் பின்னால் தங்கிவிட்ட காயைக் கட்டைவிரலால் பின்னோக்கித் தள்ளுவது தனி வித்தை. முன்னோக்கி அடிப்பதிலும் ஆளுக்கொரு பிடி: சிலர் ஆள்காட்டி விரலால், சிலர் நடுவிரலால், சிலர் இரண்டு விரல்களைக் கத்தரிபோல் கோத்து அடிப்பார்கள். ஒருவருடைய பிடியைப் பார்த்தே அவர் யாரிடம் கற்றவர் என்று தெருவில் சொல்லிவிடுவார்கள்.

நல்ல ஆட்டக்காரருக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கும் உள்ள வேறுபாடு ஒரு காயைப் போடுவதில் இல்லை, அடுத்த காயில்தான் இருக்கிறது. இந்தக் காய் விழும்போது ஸ்ட்ரைக்கர் எங்கே போய் எந்தக் காயைக் கலைக்கும், அடுத்தது எதைப் போடலாம், ரெட்டை இப்போது எடுப்பதா, ஃபாலோவுக்குக் காய் தயாரா என்றெல்லாம் ஒரு அடிக்குள் யோசித்தாக வேண்டும். முதல் முறையிலேயே ஒன்பது வெள்ளையையும் ரெட்டையும் தொடர்ந்து போட்டு முடித்துவிடுவது ‘ஒயிட் ஸ்லாம்’. அந்த போர்டில் எதிராளி ஸ்ட்ரைக்கரைத் தொடவே முடியாது; கைகட்டிப் பார்த்திருக்க வேண்டியதுதான். இரண்டாவதாக ஆடுபவர் கறுப்பில் அப்படி முடித்தால் ‘பிளாக் ஸ்லாம்’. ஆகவே எவ்வளவு முன்னால் இருந்தாலும் யாரும் நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியாது. காய் போட வழி இல்லாதபோது எதிராளியின் காயை மறைத்து வைப்பதும், குழி வாயில் நிற்கும் அவர் காயை நகர்த்திவிடுவதும் ஆட்டத்தின் மறுபாதி. இரட்டையர் ஆட்டத்தில் இது இன்னும் நுட்பமாகும். கூட்டாளிக்கு எது வாகோ அதைப் பார்த்துக் காயை விட்டுவைக்க வேண்டும். பேசிக்கொள்ளாமலே இதைச் செய்யும் இருவரைப் பிரித்து ஆடச்சொன்னால் வட்டாரமே முகம் சுளிக்கும்.

இன்பம் ஆடுபவர் நால்வரோடு நிற்பதில்லை. ஒரு போர்டைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பதுதான் வடசென்னை வழக்கம். நிற்பவர்கள் அனைவரும் மனத்துக்குள் அடித்துக்கொண்டிருப்பார்கள். தோற்றவர் எழுந்து இடம் கொடுக்க, அடுத்தவர் உட்காருவார். ஒரு போர்டு சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால் காத்திருப்பதும் பெரிய பாரமில்லை. ஒரு சிறுவன் விரல் தொடுவதற்கு முன்பே எத்தனையோ மாலைகள் நின்று பார்த்தே பாதி ஆட்டத்தைக் கற்றுவிடுகிறான். பயிற்சி மையங்கள் வருவதற்கு முன்னர் இந்த வட்டத்தில் நிற்பதுதான் பயிற்சி.

ஆட்டம் பிறந்த கதை

கேரம் இந்தியத் துணைக்கண்டத்தில் உருவானது என்பதே பரவலான கருத்து. பஞ்சாபின் பாட்டியாலா அரண்மனை ஒன்றில் கண்ணாடிப் பரப்புள்ள பழைய பலகை இருப்பதை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். பொதுமக்களிடையே அது பெருகியது முதல் உலகப் போருக்குப் பிறகு. இலங்கையில் 1935-லேயே போட்டிகள் நடந்திருக்கின்றன.

விரலால் சுண்டும் பலகை ஆட்டங்கள் வேறு நாடுகளிலும் உண்டு. கனடாவின் ஒண்டாரியோவில் 1876-இல் எக்கார்ட் வெட்லாஃபர் செய்த குரோக்கினோல் பலகை வட்டவடிவமானது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் லடிங்டன் என்ற ஊரைச் சேர்ந்த ஹென்றி ஹாஸ்கெல் 1890-களில் உருவாக்கிய பலகையும் கேரம் என்ற பெயரில்தான் விற்பனையானது. அதன் காய்கள் வளையங்கள். லாட்வியாவில் நோவுஸ் என்னும் ஆட்டம் சிறு கோல் கொண்டு ஆடப்படுகிறது. இவற்றில் எது எதற்கு மூத்தது என்ற வழக்கு வடசென்னை ஆட்டக்காரரை ஒருபோதும் தொந்தரவு செய்ததில்லை.

ஆலை, பணிமனை, தெரு

வியாசர்பாடி பெரம்பூருக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் எருக்கஞ்சேரிக்கும் இடையே கிடக்கும் பகுதி. அதன் வாழ்க்கையை நிர்ணயித்தவை சுற்றியிருந்த தொழிற்கூடங்கள். 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. பெரம்பூரில் ரயில்வே பணிமனை எழுந்தது. 1878-இல் பக்கிங்காம் ஆலை வந்தது. பின்னர் கர்நாடிக் ஆலை. இரண்டும் 1920-இல் ஒரே நிறுவனமாகி, மக்கள் வாயில் பி அண்ட் சி மில் ஆயின. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எனப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று இந்த ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டே தோன்றியது. 1921-இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் இந்த வட்டாரத்தின் நினைவில் அழியாதவை. 1996-இல் ஆலை மூடப்பட்டது. ஜீவா என்று அழைக்கப்பட்ட பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் பெயர் இங்குள்ள ரயில் நிலையத்துக்கு வைக்கப்பட்டிருப்பது தற்செயல் அல்ல.

இந்தப் பின்னணிக்கும் கேரமுக்கும் உறவு உண்டு. ஆலையும் பணிமனையும் துறைமுகமும் ஷிப்ட் கணக்கில் ஓடின. வேலை முடிந்து வருபவருக்குக் கிடைக்கும் ஓய்வு சில நாள் காலையில், சில நாள் இரவு பத்து மணிக்கு மேல். பதினோரு பேர் ஒரே நேரத்தில் கூடி மைதானம் போவது எளிதல்ல. கேரமுக்கு இரண்டு பேர் போதும், நள்ளிரவிலும் ஆடலாம். வீடுகளோ சிறியவை. 1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்ட பின் எழுந்த அடுக்கு வீடுகளிலும் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது மிகக் குறைந்த இடமே. உள்ளே ஆளுக்கு இடமில்லாதபோது தெருமுனையும் மாடிப்படிக்கு அடியிலுள்ள நிழலும் கூடமாக மாறின. ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான பலகை, அதைத் தாங்க ஒரு ஸ்டூல் அல்லது டிரம், மேலே தொங்கும் ஒரு பல்பு: இவ்வளவுதான் தேவை. கால்பந்துக்கும் குத்துச்சண்டைக்கும் வடசென்னை பேர்பெற்றது. வியாசர்பாடி முல்லை நகரில் 1997 முதல் இயங்கும் குடிசைப் பகுதிக் குழந்தைகளுக்கான கால்பந்து அமைப்பு நாடறிந்தது. ஆனால் அந்த இரண்டுக்கும் திறந்தவெளியும் உடல்வலுவும் இளமையும் வேண்டும். கேரம் முதியவரையும் கால் ஊனமுற்றவரையும் ஒதுக்குவதில்லை.

பலகை பெரும்பாலும் தனிமனிதர் சொத்தாக இருந்ததில்லை. அம்பேத்கர் மன்றங்கள், கட்சிப் படிப்பகங்கள், ரசிகர் மன்றங்கள், தொழிற்சங்க அறைகள் ஆகியவை ஆளுக்குச் சிறிது காசு போட்டு வாங்கி வைத்தவை அவை. காலையில் செய்தித்தாள் படிக்கும் இடமே மாலையில் கேரம் கிளப் ஆகும். பொங்கலுக்கும் தலைவர் பிறந்தநாளுக்கும் தெருப் போட்டி அறிவிப்பார்கள். பரிசு ஒரு கோப்பையோ பாத்திரமோ சைக்கிளோ, எதுவானாலும் பக்கத்துத் தெருவை வென்றோம் என்ற பெருமை அதைவிடப் பெரிது.

பலகையைப் பேணுவதும் ஒரு கலையாக வளர்ந்தது. மருந்துக்கடையில் வாங்கும் போரிக் பவுடரைத் தூவினால்தான் காய் வழுக்கிக்கொண்டு போகும். கடற்கரையை ஒட்டிய ஊர் என்பதால் காற்றில் எப்போதும் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளைவுட் ஈரத்தை இழுத்துக்கொண்டால் ஆட்டம் ‘ஸ்லோ’ ஆகிவிடும். அப்போது மேலே தொங்கும் குண்டு பல்பைத் தாழ இறக்கி, அதன் சூட்டில் பலகையைக் காயவிடுவார்கள். வெளிச்சம் நிழலின்றி நேர் கீழே விழ வேண்டும் என்பதும் அந்த பல்பின் வேலை. குழல்விளக்கிலும் எல்.இ.டி. விளக்கிலும் இந்தச் சூடு கிடைப்பதில்லை.

சங்கமும் சாம்பியனும்

தெரு ஆட்டத்துக்கு உலக விதி கிடைத்ததும் சென்னையில்தான். 1988 அக்டோபர் 15 அன்று சர்வதேச கேரம் கூட்டமைப்பு இந்நகரில் தொடங்கப்பட்டது. இன்று நாம் சொல்லும் பலகை அளவும் புள்ளிக் கணக்கும் அப்போது வகுக்கப்பட்டவை. நாட்டுக்கு நாடு வேறுபட்ட ஆட்டத்தை ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்த பணியில் முன்னின்ற பங்காரு பாபுவை இந்திய கேரமின் தந்தை என்று ஆட்டக்காரர்கள் சொல்வார்கள்.

முதல் உலக சாம்பியன்ஷிப் 1991-இல் தில்லியில் நடந்தது. ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் சென்னையைச் சேர்ந்த அந்தோணி மரிய இருதயம். 1995-இல் மீண்டும் அவரே வென்றார். 1996-இல் அர்ஜுனா விருது அவருக்கு அளிக்கப்பட்டது. கேரமுக்கு இந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை. இந்த வெற்றியின் பயனை விருதைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. ரயில்வே, பெட்ரோலிய நிறுவனங்கள், ரிசர்வ் வங்கி, ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஆகியவை தங்களுக்கெனக் கேரம் அணிகளை வைத்திருந்தன. நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிலையான வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை, ‘எப்போது பார்த்தாலும் போர்டு’ என்று பிள்ளைகளைத் திட்டிய வீடுகளின் குரலை மாற்றியது. அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுப்பதையும் மரிய இருதயம் கைவிடவில்லை. பின்னாளில் உலகக் கோப்பை வென்ற காசிமாவின் பயிற்சியாளர்களில் அவரும் ஒருவர்.

பெண்கள்

வடசென்னைக் கேரம் வரலாற்றில் மிக முக்கியமான பகுதி இது. தெருமுனை போர்டு நெடுங்காலம் ஆண்களின் இடமாகவே இருந்தது. பெண்பிள்ளைகள் வீட்டுக்குள், தம்பி தங்கையோடு, விடுமுறை நாளில் ஆடினார்கள். ஆனால் மைதான விளையாட்டுகளில் இல்லாத ஒரு வசதி கேரமில் இருந்தது: பலகையை வீட்டுக்குள் கொண்டுபோகலாம். தந்தையோ அண்ணனோ ஆட்டக்காரராக இருந்தால், மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் குடும்பத்திலும் ஒரு பெண் தினமும் மணிக்கணக்கில் பயிற்சி செய்ய முடியும். விரலின் நுட்பத்தில் ஆண், பெண் என்ற பேதம் பெரிதாக இல்லை என்பதால் ஆண்களோடு ஆடியே அவள் தேறவும் முடியும்.

வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி அப்படி வந்தவர். மூன்று சக்கர வண்டி ஓட்டிப் பிழைத்த அவருடைய தந்தை தாமே கேரம் ஆடியவர்; மகளுக்கு விரல் பிடித்துக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. 2008-இல் பிரான்சின் கான் நகரில் ஐந்தாவது உலக சாம்பியன்ஷிப் நடந்தது. உலகம் திரைப்பட விழாவுக்காக அறிந்த அந்தக் கடற்கரை நகரத்தில் இளவழகி பெண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றார். வியாசர்பாடியின் பெயர் செய்தித்தாள்களில் வெள்ளம், தீ, குற்றம் ஆகியவற்றோடு மட்டுமே வந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு பெண்ணின் திறமைக்காக அந்தப் பெயர் அச்சேறியதை வட்டாரத்துப் பெற்றோர் மறக்கவில்லை. கேரமுக்குப் பெண்ணை அனுப்பலாமா என்ற கேள்விக்கு அதன் பிறகு அவர்கள் கண்முன் ஒரு விடை இருந்தது.

2024 நவம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆறாவது உலகக் கோப்பை நடந்தது. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், தம் பதினேழாம் வயதில் ஒற்றையர், இரட்டையர், அணிப் பிரிவு மூன்றிலும் தங்கம் வென்றார். தமிழ்நாடு அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் பரிசளித்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் மாலத்தீவில் நடந்த ஏழாவது உலகக் கோப்பையில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பேர்போன காசிமேட்டைச் சேர்ந்த கீர்த்தனா மூன்று தங்கம் வென்றார்.

இந்த மூன்று பேரின் பின்னணியும் ஒன்றை உறுதிப்படுத்துகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான தனிப்பயிற்சி, வெளிநாட்டுப் பயிற்சியாளர், விலையுயர்ந்த கருவி எதுவும் இந்த வெற்றிகளுக்குப் பின்னால் இல்லை. தெருவும் குடும்பமும் பழைய ஆட்டக்காரர்களும் இலவசமாகத் தந்த அறிவே அவற்றின் மூலதனம். அதே 2024-இன் இறுதியில்தான் சென்னையைச் சேர்ந்த குகேஷ் சதுரங்க உலகப் பட்டம் வென்றார். ஒரே நகரம், ஒரு மாத இடைவெளியில், இரண்டு பலகைகளில் உலகின் முதலிடத்தைப் பெற்றது. சதுரங்கத்துக்கு நகரில் ஐம்பது ஆண்டுக்கு மேலான முறையான கிளப் மரபு இருக்கிறது. கேரமுக்கு அந்த இடத்தில் மன்றங்களும் மாடிப்படி நிழலும் இருந்தன. இரண்டாவது மரபை எழுதி வைத்தவர் குறைவு. அதனாலேயே அது சிறியது என்று கொள்வது தவறு.

திரையில்

தமிழ்த் திரைப்படம் வடசென்னைக் கேரமை இரண்டு முறை பெரிதாக எடுத்தாண்டது. 2013-இல் வந்த ‘சுண்டாட்டம்’ கேரம் கிளப்புகளையும் பந்தயத்தையும் கதையாக்கியது. 2018-இல் வெளியான வெற்றிமாறனின் ‘வட சென்னை’யில் தனுஷ் ஏற்ற அன்பு என்னும் பாத்திரம் கேரம் ஆட்டக்காரன்; சிறைக்குள்ளும் பலகை முக்கிய இடம் பெறுகிறது. இரண்டும் ஆட்டத்தின் அழகைக் காட்டின. கூடவே கத்தியையும் காட்டின. பணம் வைத்து ஆடும் கிளப்புகள் இருந்தது உண்மை. ஆனால் வட்டாரத்தில் ஆடியவர்களில் பெரும்பாலானவர்கள் டீக்கும் பெருமைக்கும் ஆடியவர்கள். அந்தப் பெரும்பான்மையின் கதையும், பலகையின் முன் உட்கார்ந்த பெண்களின் கதையும் அந்த இரண்டு படங்களிலும் மையத்துக்கு வரவில்லை.

இன்றைய நிலை

ஒலிம்பிக்கிலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் கேரம் இல்லை. உலகப் பட்டம் வென்ற பிறகும் ஆட்டக்காரர்களின் பெயர் பரவாமல் போவதற்கு இதுவே முதன்மைக் காரணம். மாநில அளவில் நிலைமை மேம்பட்டு வருகிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கேரமும் சேர்க்கப்பட்டிருக்கிறது, பரிசுத்தொகையும் உயர்ந்திருக்கிறது.

கைபேசியில் ஆடும் கேரம் கொரோனா ஊரடங்குக் காலத்தில் பெருகியது. அதில் திரை தானே கோடு போட்டுக் காய் போகும் திசையைக் காட்டிவிடுகிறது. மெய்யான பலகையில் ஆட்டக்காரர் ஆண்டுக்கணக்கில் கற்பது அந்தக் கோட்டைத்தான். காயின் எடை, பவுடரின் வழுக்கல், மழைக்கால ஈரம், எதிரே உட்கார்ந்தவரின் முகம் எதுவும் கைபேசியில் கிடையாது. இருந்தும் அதில் தொடங்கி, பிறகு போர்டைத் தேடி வரும் சிறுவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவைப்படுவது மன்றங்கள் ஒரு காலத்தில் கொடுத்த அதே வசதி: இரவு வரை திறந்திருக்கும் ஓர் அறை, சமமான பலகை, தப்பான பிடியைப் பார்த்ததும் திருத்தும் ஒரு பெரியவர். சமூகநலக் கூடங்களிலும் மாநகராட்சி விளையாட்டுத் திடல்களிலும் கேரமுக்கென்று ஓர் அறையை, பெண்கள் தயக்கமின்றி வந்துபோகும்படி, ஒதுக்குவது பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. காசிமாவும் கீர்த்தனாவும் வென்ற பிறகு அந்த அறைகளில் உட்கார வரும் பெண்பிள்ளைகளுக்கும் குறைவிருக்காது.